உண்ணாவின் சுட்டுவிரல்

சின்னக்கடைத் தெரு,
திருவண்ணாமலை.
14-9-1978

என் ஜோதிக்கு வஜீதா எழுதுவது.

நின்றுகொண்டு படித்தால் முதலில் உட்கார். உண்ணாமலை நன்றாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள், தூங்குகிறாள், இந்த நிமிஷம் பக்கத்தில் என் மகள் மஹ்பூபாவோடு தலையணைக்குச் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறாள். இதை முதலில் சொல்லிவிட்டேன். இனிமேல்தான் விஷயம்.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் வலது கைச் சுட்டுவிரல் சைக்கிள் செயினில் மாட்டிக்கொண்டது. நுனி துண்டாகிவிட்டது. பாதி நகமும் அதன் கீழே இருந்த சதையும் போய்விட்டன. இதை நாலைந்து விதமாக எழுதிப் பார்த்துக் கிழித்துப் போட்டேன். எப்படி எழுதினாலும் அதே விரல்தான் போகிறது.

ஆசிரமத்துக்கு வந்த வெள்ளைக்காரர் ஒருவர் நம் கடையில் வாடகைக்கு எடுத்த சைக்கிளை மழையில் மலை சுற்றிவிட்டுக் கொண்டுவந்து விட்டார். செயின் காய்ந்து கறகறவென்று கிடந்தது. எண்ணெய் போடுவதற்காக அதை ஸ்டாண்டு போட்டு வாசலில் நிறுத்தியிருந்தது. என் வீட்டுக்காரர் மதிய லுஹர் தொழப் போயிருந்தார். நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருந்தேன். அலறல் கேட்டு ஓடி வந்தேன். புடவைத் தலைப்பால் கையைச் சுற்றிக்கொண்டு செருப்பில்லாமல் இராமலிங்கம் டாக்டரிடம் ஓடினேன். வழியெல்லாம் அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு, “அம்மாகிட்ட சொல்லாத வஜீதாம்மா, அம்மா படிப்பு கெட்டுப்பூடும்”னு சொன்னாள். ஐந்து வயசுப் பிள்ளைக்கு யார் இதைச் சொல்லிக்கொடுத்தது?

டாக்டர் கழுவிப் பார்த்தார். “துண்டு எங்கம்மா? கொண்டாந்தீங்களா? வெச்சுத் தைச்சுப் பாக்கலாம்”னார். ஆள் அனுப்பினார். அதற்குள் ஒரு காரியம் நடந்துவிட்டது ஜோதி. நீ கோபப்படுவாய். தொழுகை முடிந்து வந்த நூருல்லா செயினில் ஒட்டியிருந்த அந்தத் துண்டை எடுத்து, பன்னீரில் கழுவி, புது வெள்ளைத் துணியில் சுற்றி, எங்கள் கபர்ஸ்தானில் தன் அம்மா கபருக்குப் பக்கத்தில் புதைத்துவிட்டு வந்திருக்கிறார். மனித உடம்பின் துண்டு எதுவானாலும் குப்பையில் போகக்கூடாது, மரியாதையாக மண்ணில் சேர வேண்டும் என்பது எங்கள் வழக்கம். வெட்டிய நகத்தைக்கூட அவர் அப்படித்தான் செய்வார். டாக்டருக்கு வந்த கோபத்தைப் பார்க்கணுமே! “உங்களை யாருய்யா பொதைக்கச் சொன்னது?”னு தெருவுக்கே கேட்கும்படி கத்தினார். இவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

இப்போது எலும்பின் முனை லேசாக வெளியே தெரிகிறது. அதைக் கொஞ்சம் நறுக்கிவிட்டுத் தோலை இழுத்து மூடித் தைக்க வேண்டுமாம். விரல் குட்டையாகிவிடும். வெளியூரிலிருந்து வரும் அறுவை டாக்டர் 22-ஆம் தேதி வெள்ளிக்கிழமை வருகிறார். அதுவரை கட்டுப் போட்டு வைத்திருந்தால் போதும் என்கிறார் இராமலிங்கம் டாக்டர். பெற்றவள் கையெழுத்து வேண்டும். என் கையெழுத்து செல்லாது. தந்தியிலும் கையெழுத்து வராதாம். “சித்தப்பா இருக்கார்னீங்களே, அவர் போடட்டும்”னார். நான் வேண்டாம் என்றேன். உன் கொழுந்தன் ராமதாஸ் கீழ்பென்னாத்தூரிலிருந்து ஒரு கையெழுத்துப் போட வந்தால் குழந்தையையும் தூக்கிக்கொண்டு, உன் பயிற்சிக்கும் முற்றுப்புள்ளி வைத்துவிட்டுத்தான் போவார். அப்பா இல்லாத பிள்ளையைத் துலுக்க வீட்டில் விட்டுவிட்டுப் படிக்கப் போனாள் என்று சொல்லக் காத்துக்கொண்டிருக்கிறார்.

தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு உடனே அனுப்பு. என்னை மன்னிக்கச் சொல்லிக் கேட்க எனக்கு வாய் இல்லை.

உன்
வஜீதா

*

ஆசிரியைப் பயிற்சி விடுதி,
பாளையங்கோட்டை.
18-9-1978

வஜீதா,

கையெழுத்துப் போட்ட தாள் உள்ளே இருக்கிறது. டாக்டரிடம் கொடு.

என்னால் வர முடியாது. ஆடியில் அம்மை போட்டுப் படுத்தபோது இருந்த விடுப்பெல்லாம் தீர்ந்துவிட்டது. இன்னும் மூன்று நாள் போனால் வருகைப்பதிவு குறைந்து இந்த வருஷமே வீணாகும். வார்டனிடம் அழுதேன். அவர்களும் அழுதார்கள், விடுப்புத் தரவில்லை. உன் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு நேற்று முழுவதும் பஸ் நிலையத்துக்கும் விடுதிக்கும் நடந்தேன். ஏறியிருந்தால் என் பிள்ளைக்கு ஒரு நாள் அம்மா கிடைத்திருப்பாள். அதன்பிறகு ஆயுள் முழுக்கக் கொழுந்தன் வீட்டுச் சோறுதான். ஏறவில்லை.

எலும்பை நறுக்குகையில் மயக்க மருந்து கொடுப்பார்களா? கேட்டு எழுது. அவள் அந்த விரலால்தான் மணலில் ‘அ’ எழுதப் பழகினாள்.

உன் வீட்டுக்காரரிடம் நான் சொன்னதாகச் சொல். பிள்ளைகள் இருக்கிற வீட்டில் சைக்கிளை வாசலில் நிறுத்திவிட்டுப் போவதா? ஐந்து நிமிஷம் கழித்துத் தொழுதால் அல்லா கோபித்துக்கொள்வானா? புதைத்தாராமே. செத்ததைத்தானே புதைப்பார்கள்? என் பிள்ளையின் விரல் செத்துவிட்டது என்று அவருக்கு யார் சொன்னது? அவள் அப்பாவை மண்ணில் வைத்து இன்னும் இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. என் வீட்டிலிருந்து இன்னொன்றும் மண்ணுக்குப் போக வேண்டுமா?

இதைக் கிழித்துவிட்டு நல்லபடியாக வேறு எழுதலாம் என்று நினைத்தேன். தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது. இதையே அனுப்புகிறேன்.

ஜோதியம்மாள்

*

திருவண்ணாமலை,
24-9-1978

என் ஜோதிக்கு,

நீ முழுப் பெயரில் கையெழுத்துப் போட்டதைப் பார்த்தேன். போடு. உனக்கு உரிமை இருக்கிறது.

உன் தாள் வியாழக்கிழமையே வந்துவிட்டது. மறுநாள் காலை உண்ணாவைத் தூக்கிக்கொண்டு போனேன். அறுவை டாக்டர் வருவதற்கு முன்னால் கட்டைப் பிரித்து வைக்கலாம் என்று இராமலிங்கம் டாக்டர் உட்கார்ந்தார். பத்து நாள் கட்டு. பிரிக்கும்போதே ஒரு வாடை வந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அழுகிவிட்டது என்றே நினைத்தேன். அவர் குனிந்து மோந்து பார்த்துவிட்டு, “சீழ் இல்ல. சும்மா இரும்மா”னார். பஞ்சை நனைத்துத் துடைத்தார். பிறகு எழுந்துபோய் ஜன்னலைத் திறந்தார். டார்ச்சை எடுத்துவந்து அடித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

“எலும்பு எங்கடா போச்சு?”னு தன்னைத்தானே கேட்டுக்கொண்டார்.

நானும் பார்த்தேன் ஜோதி. எலும்பு தெரியவில்லை. அதன்மேல் சிவப்பாகச் சதை ஏறியிருந்தது. மாதுளை முத்து நிறத்தில், ஈரமாக, சின்னச் சின்ன முண்டுகளாக இருந்தது. தொட்டால் இரத்தம் கசிகிறது. இல்லாத இடத்தில் வந்து உட்கார்ந்திருக்கிறது. நான் சுபுஹானல்லாஹ் என்று சத்தமாகவே சொல்லிவிட்டேன். டாக்டர் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார்.

உட்கார்ந்தபடியே பேசினார். “எங்கியோ படிச்சேன். வெளிநாட்டுல ஒரு கொழந்தைங்க ஆஸ்பத்திரி. கதவுல நசுங்கின வெரலை மறந்தாப்புல தைக்காம உட்டுட்டாங்களாம். அது பாட்டுக்கு வளந்துச்சாம். நான் நம்பல. சின்னப் பசங்களுக்கு மட்டும்தானாம். நகத்தோட வேர் மிஞ்சி இருக்கணுமாம். இதுக்கு மிஞ்சி இருக்கு.” பிறகு வாசலில் நின்ற என் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். இவர் அன்றைக்குத் திட்டு வாங்கியதிலிருந்து ஆஸ்பத்திரி வாசற்படியைத் தாண்டி உள்ளே வருவதில்லை. “ஏன்யா, அந்தத் துண்டு அன்னிக்கு என் கையில கெடச்சிருந்தா வெச்சுத் தைச்சிருப்பேன். அனேகமா கறுத்துப்போய் உழுந்திருக்கும். வளர்றதுக்கும் எடமில்லாம அடைச்சுப்பூட்டிருப்பேன். நீ பொதைச்சதும் நல்லதாப் போச்சு”னார். இவர் வாசற்படியிலிருந்தே வணக்கம் போட்டுவிட்டுப் போய்விட்டார்.

அறுவை டாக்டரைத் திருப்பி அனுப்பிவிட்டார். உன் கையெழுத்துத் தாள் மேசை இழுப்பறைக்குள் போய்விட்டது. வாரம் ஒரு தடவை மட்டும் கட்டைப் பிரித்து மறுபடி போட வேண்டும். மருந்துகூட அதிகம் இல்லை, வாஸ்லின் தடவிய வலைத்துணிதான். “அப்ப நாம என்ன டாக்டர் செய்யறது?”னு கேட்டேன். “நாம அழுக்குப் படாம பாத்துக்கணும். மத்ததை உள்ள இருக்கிறது பாத்துக்கும்”னார்.

உள்ளே இருக்கிறது என்றால் எது?

உன் கோபத்தை இவரிடம் அப்படியே படித்துக் காட்டினேன். உட்கார்ந்து முழுக்கக் கேட்டுக்கொண்டார்.

வஜீதா

*

பாளையங்கோட்டை,
1-10-1978

வஜீதாவுக்கு,

என்னைத் தேற்றுவதற்காகக் கதை கட்டுகிறாயா? உண்மையைச் சொல். எங்கள் அறிவியல் டீச்சர் வெள்ளையம்மாளிடம் கேட்டேன். பல்லிக்கு வால் வளரும், நண்டுக்குக் கொடுக்கு வளரும், மனுஷருக்குப் புண்தான் ஆறும் என்றார்கள். காயம் ஆறுவது வேறு, உறுப்பு முளைப்பது வேறு என்று கரும்பலகையில் இரண்டு கட்டம் போட்டே காட்டினார்கள்.

நீ நாலாம் வகுப்பிலிருந்து எனக்காகப் பொய் சொல்கிறவள். கணக்கு டீச்சரிடம் எனக்கு வயிற்றுவலி என்று நீ சொன்ன பொய்களை எண்ண விரல் போதாது. ஆகையால் எனக்கு அத்தாட்சி வேண்டும். கட்டு மாற்றும் நாளில் அவள் கையைக் கடிதத் தாளில் மெதுவாக வைத்து, பென்சிலால் சுற்றி வரைந்து அனுப்பு. பக்கத்து விரலையும் சேர்த்து வரை. வாரத்துக்கு ஒன்று வேண்டும். தேதி போடு.

அழுகிறாளா? கட்டுப் பிரிக்கும்போது யார் மடியில் உட்காருகிறாள்?

ஜோதி

*

திருவண்ணாமலை,
22-10-1978

என் சந்தேகக்காரி ஜோதிக்கு,

மூன்று கைகள் அனுப்பியிருக்கிறேன். ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பார். பென்சில் நகரும்போது கூசுகிறது என்று சிரித்துவிட்டாள், அதனால் இரண்டாவது கையில் கட்டைவிரல் கொஞ்சம் பூசணிக்காய் மாதிரி இருக்கும். அதை விட்டுவிடு, சுட்டுவிரலைப் பார்.

நீ கேட்டதற்குப் பதில்: என் வீட்டுக்காரர் மடியில்தான் உட்காருகிறாள். வேறு யார் மடியிலும் உட்கார மாட்டேன் என்கிறாள். அழுகை முதல் இரண்டு தடவையோடு சரி. இப்போது மஹ்பூபாவுக்குப் பொறாமை வந்து, நல்ல விரலில் துணியைச் சுற்றிக்கொண்டு தெருவெல்லாம் காட்டி வருகிறாள்.

நகம் வருகிறது ஜோதி! பழைய நகம் நின்ற இடத்திலிருந்து வெங்காயச் சருகு போல ஒரு தகடு முன்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. சதை உருண்டையாகத் திரண்டு, ஓரங்களிலிருந்து புதுத் தோல் உள்ளே ஊர்ந்து மூடுகிறது. வாரத்துக்கு வாரம் அந்தச் சிவப்பு வட்டம் சிறுத்துக்கொண்டே போகிறது. டாக்டர் இப்போது ஒரு பூதக்கண்ணாடி வாங்கி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை நாங்கள் போகத் தாமதமானால் வாசலில் வந்து நிற்கிறார். போன வாரம் என்னைக் கேட்டார்: “வளர்றதைக்கூட நான் ஒத்துக்கறேம்மா. எங்க நிறுத்தணும்னு அதுக்கு யார் சொல்லுவாங்க?” அன்றைக்கு வீட்டுக்கு வந்து என் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். இத்தனை வருஷமாக இவற்றால் சோறு பிசைந்திருக்கிறேன், ஒரு நாளும் இவற்றை அதிசயமாகப் பார்த்ததில்லை.

இனி கெட்ட சேதி. செவ்வாயன்று உன் கொழுந்தன் மணிலாக்கொட்டை மூட்டையோடு மண்டிக்கு வந்தவர் இங்கேயும் வந்துவிட்டார். கட்டைப் பார்த்தார். என்ன ஏது என்று கேட்டார். சொன்னேன். புதைத்ததையும் யாரோ பஜாரில் சொல்லியிருக்கிறார்கள். “எங்க வூட்டுப் புள்ள வெரலு உங்க சுடுகாட்டுல கெடக்குதா? இப்பவே தூக்கினு போறேன்”னு குழந்தையின் தோளைப் பிடித்தார். நான் வாசலில் குறுக்கே நின்றேன். கட்டு அவிழ்க்கும்வரை டாக்டர் இந்த ஊரைவிட்டு அனுப்ப மாட்டார் என்று சொன்னேன். டாக்டர் அப்படி எதுவும் சொல்லவில்லை, நானாகச் சொன்னது. உனக்குக் கடிதம் போட்டுக் கேட்டுக்கொண்டு தீபத்துக்குள் வந்து கூட்டிப்போவதாகச் சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். நீ என்ன எழுதுகிறாயோ அதுதான் நடக்கும். உன் பிள்ளை, உன் வார்த்தை.

வஜீதா

*

பாளையங்கோட்டை,
5-11-1978

என் வஜீதாவுக்கு,

மூன்று கைகளையும் ஜன்னல் கண்ணாடியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து வெளிச்சத்தில் பார்த்தேன். விடுதிப் பெண்கள் எல்லாரும் கூடிவிட்டார்கள். முதல் கோடு, அதைத் தாண்டி இரண்டாவது கோடு, அதையும் தாண்டி மூன்றாவது. வெள்ளையம்மாள் டீச்சரைக் கையைப் பிடித்து இழுத்து வந்து காட்டினேன். நெடுநேரம் பார்த்துவிட்டு, “நான் போட்ட ரெண்டு கட்டத்தையும் அழிச்சுடு ஜோதி”ன்னாங்க.

அதன்பிறகு நூலகத்தில் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வெட்டுப்பட்ட நொடியில் இரத்தம் தானே உறைந்து கதவைச் சாத்துகிறதாம். பிறகு வெள்ளணுக்கள் வந்து அழுக்கைத் தின்று இடத்தைச் சுத்தம் செய்கின்றன. பிறகு மயிரிழையைவிட மெல்லிய இரத்தக் குழாய்கள் புதிதாக முளைத்துப் போகின்றன, சதை அவற்றைப் பின்தொடர்கிறது. நாம் தூங்கும்போதும் அது தூங்குவதில்லை. போன வாரம் ஐந்தாம் வகுப்புக்குப் பாடம் நடத்திக் காட்ட வேண்டியிருந்தது. ‘உடல் தன்னைத்தானே பழுது பார்த்தல்’ என்று எழுதிப்போட்டு உண்ணாவின் மூன்று கைகளையும் பலகையில் ஒட்டினேன். பாடம் முடிந்ததும் ஒவ்வொருத்தியாக முழங்கால் தழும்பைத் தூக்கித் தூக்கிக் காட்டினார்கள்.

ராமதாஸுக்கு எழுதிவிட்டேன். “என் மகள் வஜீதா வீட்டில்தான் இருப்பாள். அந்த வீட்டில் விரல் போனது, அந்த வீட்டில்தான் விரல் வளர்கிறது. தூக்கிக்கொண்டு போனால் நான் போலீசுக்குப் போவேன்” என்று எழுதினேன். எனக்கே என்னைப் பார்த்துப் பயமாக இருந்தது.

நூருல்லா அண்ணனிடம் நான் எழுதிய வார்த்தைகளை எப்படித் திரும்ப எடுப்பேன்? சைக்கிளை வாசலில் விட்டுவிட்டுப் போனாரே என்ற வருத்தம் இன்னும் கொஞ்சம் இருக்கிறது. ஆனால் அவர் மடியில்தானே அவள் உட்காருகிறாள். உன்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை வஜீதா. நான் பெற்றவள்தான். நீ ஒரே மதியத்தில் செருப்பில்லாமல் ஓடியே பெற்றுவிட்டாய். உன் கையில் கொடுத்ததால்தான் என் பிள்ளை முழுசாகத் திரும்பி வருகிறாள்.

உன் ஜோதி

*

திருவண்ணாமலை,
19-11-1978

அன்புள்ள ஜோதிக்கு,

நல்லதை முதலில் எழுதுகிறேன். இந்தக் கடிதத்தில் நல்லது முடிந்ததும் வேறொன்று வரும்.

பக்ரீத் முடிந்த மறுநாள் இவருக்கு டீ ஊற்றி வைத்தேன். உண்ணா எட்டிப்பிடிக்கப் போய், “சுடுது!”னு அலறிக் கையை உதறினாள். எந்த விரல் என்று கேட்டேன். வாயில் வைத்துக்கொண்டு காட்டினாள். புது விரல்! நான் அவளைத் தூக்கிக்கொண்டு தெருவில் சிரித்துக்கொண்டே அழுதேன். பிள்ளை சுட்டுக்கொண்டு அழுகிறது, இந்தப் பொம்பளை சிரிக்கிறாளே என்று பார்க்கிறார்கள். சுடுகிறது என்று சொல்ல ஒரு நரம்பு அங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது. டாக்டர் அவள் கண்ணைக் கட்டிவிட்டு நூல் முனையால் தொட்டுப் பார்த்தார். ஒவ்வொரு தடவையும், “தொட்டே!”ன்னா.

விரல் நின்றுவிட்டது ஜோதி. இடது கைச் சுட்டுவிரலோடு சேர்த்து வைத்தால் ஒரே உயரம். அந்த உயரத்துக்கு வந்ததும் வளர்வதை நிறுத்திக்கொண்டது. இவர் ரசீதுக்கு வைத்திருக்கும் மைப்பெட்டியில் தோய்த்து அழுத்தி அனுப்பியிருக்கிறேன். பார், ரேகைகூட வந்திருக்கிறது. சுழி சுழியாக, வயலில் ஏர் ஓட்டிய மாதிரி. டாக்டர் பூதக்கண்ணாடியை என் கையில் கொடுத்துவிட்டு, “முப்பது வருஷமா தைச்சேன், வெட்டினேன். நான்தான் ஆத்தறேன்னு நெனச்சுனு இருந்தேன்”னு மட்டும் சொன்னார்.

நல்லது இத்தனைதான்.

விரல் போன அன்றைக்கு நான் உள்ளே சோறு வடித்துக்கொண்டிருக்கவில்லை. இவர் அந்தச் சைக்கிளைக் கடைக்குள்ளேதான் வைத்துவிட்டுப் போனார். நான்தான் வாசலுக்கு இழுத்து ஸ்டாண்டு போட்டேன். எண்ணெய் போடலாம் என்று பெடலைச் சுற்றினேன். சக்கரம் விர்ரென்று ஓடியதும் இரண்டு பிள்ளைகளும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது. உண்ணா, “இன்னும் வேகமா, இன்னும் வேகமா”னு குதித்தாள். நானும் பிள்ளை மாதிரி சுற்றினேன். அவள் கை எங்கே இருக்கிறது என்று பார்க்கவில்லை. என் கை சுற்றிய சுற்றில்தான் அவள் விரல் போனது.

உனக்கு முதல் கடிதம் எழுதும்போது அந்த வரி தானாகவே அப்படி வந்துவிட்டது. பிறகு நீ இவரைத் திட்டி எழுதினாய். அதை நான் வாய்விட்டுப் படித்தேன், இவர் கேட்டார். என்ன நடந்தது என்று அவருக்குத் தெரியும். “இருக்கட்டும் வுடு, அவங்க மனசு ஆறட்டும்”னு சொன்னார். விரல் இல்லாமல் இருந்தபோது சொல்லத் தைரியம் இல்லை. இப்போது நீ ராமதாஸை எதிர்த்துக்கொண்டு என்னை நம்பி எழுதிய கடிதத்தைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு என்னால் படுக்க முடியவில்லை. உன்மேல் ஒரு குறையும் இல்லை என்று எழுதியிருந்தாயே. அந்த ஒரு வரிதான் என்னைக் கொன்றது.

என்ன எழுதினாலும் எழுது. எழுதாமல் மட்டும் இருக்காதே.

வஜீதா

*

திருவண்ணாமலை,
20-12-1978

ஜோதிக்கு,

ஒரு மாதம் ஆகிறது. தபால்காரர் எங்கள் கடையைத் தாண்டும்போது சைக்கிளிலிருந்தே கையை விரித்துக் காட்டிவிட்டுப் போகிறார்.

தீபம் நல்லபடியாக நடந்தது. உண்ணாவை இவர் தோளில் தூக்கிப்போனார். மலைமேல் நெருப்பு ஏறியதும் ஊரே அரோகரா என்றது. அவள் சுட்டுவிரலை நீட்டி, “அதோ அதோ”னு இவர் காதில் கத்தினாள். நான் மலையைப் பார்க்கவில்லை, நீட்டிய விரலைத்தான் பார்த்தேன். ராமதாஸ் வரவில்லை. உன் கடிதத்துக்குப் பயந்திருப்பார்.

அவளுக்குப் பாவாடை குட்டையாகிவிட்டது, பொங்கலுக்கு இரண்டு தைத்து வைத்திருக்கிறேன். நீ வந்து அவளை அழைத்துப் போவதானால் அவற்றையும் எடுத்துப்போ. நான் தைத்தது என்று வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

வஜீதா

*

கீழ்பென்னாத்தூர்,
16-1-1979

வஜீதா,

போகிக்கு முதல் நாள் நான் உன் வாசலில் வந்து நின்றபோது நீ என்னென்னவோ சொல்ல வாயைத் திறந்தாய். “துணியை எடுத்துக் கொடு, கெளம்பறோம்”னு சொன்னேன். உள்ளே வா என்று நீ கூப்பிட்டதற்கு நான் பதில்கூடச் சொல்லவில்லை. நீ பையைக் கட்டிக் கொடுத்தாய். நூருல்லா அண்ணன் அந்தப் பையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை எங்களுக்குப் பத்தடி பின்னால் நடந்துவந்தார். அவரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

உண்மையைச் சொல்கிறேன். அவளை ராமதாஸ் வீட்டில் விட்டுவிடுவதென்றுதான் வந்தேன். பயிற்சி முடிய இன்னும் ஐந்து மாதம். அதுவரை அங்கே கிடக்கட்டும், பிறகு நடப்பது நடக்கட்டும் என்று நினைத்தேன். விரலுக்காகக்கூட இல்லை. நீ என்னை அண்ணன்மேல் சத்தம் போட வைத்துவிட்டு அதைக் கேட்டுக்கொண்டிருந்தாயே, அதற்காக. இரண்டு மாதமாக அந்தக் கோபத்தோடு எழுந்தேன், அந்தக் கோபத்தோடு சாப்பிட்டேன்.

பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இடம் கிடைத்தது. அவளை மடியில் வைத்துக்கொண்டு கையைப் பிரித்துப் பார்த்தேன். தழும்பைத் தேடினேன் வஜீதா. என் கோபத்துக்குச் சாட்சியாக ஒரு கோடாவது இருக்கும், அதைப் பார்த்துவிட்டு இவளை இறக்கிவிடலாம் என்று தேடினேன். இரண்டு கைகளையும் சேர்த்துச் சேர்த்து வைத்தேன். நகத்தின் அடியில் பிறை இருந்தது. கணுவில் சுருக்கம் இருந்தது. வெயிலில் தூக்கிப் பிடித்தால் இரண்டு விரலிலும் அதே செம்மை தெரிந்தது. நான்தான் பெற்றவள், வலது கை என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கண்ணுக்கு ஒன்றும் அகப்படவில்லை.

“எந்த வெரலுடி செயின்ல மாட்டுச்சு?”னு அவளையே கேட்டேன்.

இடது கையை நீட்டினாள். பிறகு அதைப் பார்த்து யோசித்தாள். வலது கையை நீட்டி, நடுவிரலைத் தொட்டாள். அப்புறம் என் முகத்தைப் பார்த்து, “தெரியலம்மா, எதும்மா?”ன்னாள்.

வலித்தவளுக்கு மறந்துபோய்விட்டது. விரல் போனதும் அவளுக்கு, வளர்ந்ததும் அவளுக்கு. கோபத்தை மட்டும் நான் பாளையங்கோட்டையிலிருந்து தூக்கிக்கொண்டு வந்திருக்கிறேன். “பெடலை யார் சுத்துனது?”ன்னு கேட்டேன். “வஜீதாம்மாதான். நான்தான் வேகமா சுத்தச் சொன்னேன். இப்ப சுத்தச் சொன்னா சுத்தவே மாட்டேங்குது, நீ சொல்லும்மா”னு உன்மேல் என்னிடமே புகார் கொடுத்தாள். கண்டக்டர் டிக்கெட் கேட்க வந்தவர் நான் அழுவதைப் பார்த்துவிட்டு அடுத்த சீட்டுக்குப் போய்விட்டார்.

அந்தத் துளியூண்டு சதை யார் தப்பு என்று கேட்கவில்லை. இருந்ததை வைத்துக்கொண்டு தன் வேலையைப் பார்த்திருக்கிறது. இதைப் பாடமாக நடத்தி நான் நல்ல பெயர் வேறு வாங்கியிருக்கிறேன். உன் பொய் எனக்கு இன்னும் வலிக்கிறது, மறந்துவிட்டேன் என்று சொன்னால் நானும் பொய் சொல்கிறவளாவேன். ஆனால் நீயாகச் சொன்னாய். சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எந்தக் காலத்திலும் தெரிந்திருக்காது.

பொங்கல் இங்கே முடிந்தது. ராமதாஸிடம் சொல்லிவிட்டேன். குழந்தை நாளைக் காலை முதல் பஸ்ஸில் திருவண்ணாமலைக்குத் திரும்புகிறாள். அவர் ஏதேதோ கத்தினார். உண்ணா அவர் முன்னால் போய் நின்று பத்து விரலையும் விரித்துக் காட்டி, “எது புதுசு, சொல்லு சித்தப்பா”ன்னாள். எண்ணிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், அதற்குமேல் கத்தவில்லை.

இதையெல்லாம் நேரில் சொல்ல எனக்கு வாய் வராது என்று உனக்குத் தெரியும். அதனால்தான் எழுதுகிறேன். தபாலில் போடப் போவதில்லை. நாளைக்கு உன் வாசலில் நின்று உன் கையில் கொடுப்பேன். நீ படிக்கிறவரைக்கும் எதிரிலேயே நிற்பேன். அண்ணனுக்கும் வாய்விட்டுப் படித்துக் காட்டு, என் முதல் கடிதத்தைப் படித்துக் காட்டியது போல.

முடித்துவிட்டாயா? வாசலை மறைத்துக்கொண்டு நிற்காமல் நகரு. நான் உள்ளே வர வேண்டும்.

ஜோதி